வாடகைக்கு விட வீடு தேடும் மாத்தளைப் பிள்ளைகளுக்கு



கட்டாரிலும் துபாயிலும் கொரியாவிலும் உழைக்கும் நீங்கள், புறக்கோட்டைக் கடையில் சம்பளத்துக்கு நின்று இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கும் நீங்கள், கண்டியில் ஆசிரியராகவும் தாதியாகவும் வேலை பார்க்கும் நீங்கள், எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். லீவுக்கு ஊருக்கு வரும்போது அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "மாமா, மாத்தளைப் பக்கம் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டா சரிவருமா?" நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் உறுதி எழுதியும், அதைக் காணிப் பதிவகத்துக்குச் சுமந்தும் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தேர் பார்க்க வந்த இடத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய விஷயமல்ல இது.

சரிவரும். ஆனால் பெரும்பாலானோர் தொடங்க நினைக்கும் இடம் பிழை. புரோக்கர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்திலிருந்து தொடங்குகிறீர்கள். மாத்தளை மாவட்டத்தில் உறுதியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு துண்டுக் கடதாசியில் கணக்குப் போட வேண்டும்.

இந்த ஆசையை நான் லேசாக எடுக்கவில்லை. 1823 இல் தொடங்குவதாகச் சொல்லப்படும், மலையகத் தமிழரான நம்மவரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 யூலை கடைசியில் தலைமன்னாரில் கிளம்பிய நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையில் வந்து முடிந்தது. முன்னோர் நடந்த வழி அது. அந்த இருநூறு ஆண்டில் பெரும்பங்கு, தான் படுக்கும் லயக் காம்பிராவுக்குக்கூட ஓர் உறுதி இல்லாத வாழ்க்கை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை இன்று இன்னொருவருக்குக் கூரை கொடுக்கிற நிலைக்கு வந்திருப்பது எனக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில் காசை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. மாத்தளை நகரை அண்டி ஒரு கோடி ரூபாய்க்கு ஒரு வீடு, மாதம் 35,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், நீங்கள் பார்த்த வீட்டின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 420,000. ஆள் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், 385,000. வர்ணம், பைப், கூரை ஒழுக்கு, ஆதன வரி என்று 45,000 போகும், மிச்சம் 340,000. போட்ட காசுக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. அதே ஒரு கோடி நிலையான வைப்பில் 8 வீத வட்டிக்குக் கிடந்தால், 2025 ஏப்ரலிலிருந்து பிடிக்கும் 10 வீத வரியைக் கழித்தும் 720,000 கைக்கு வரும். வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரவு பத்து மணிக்குத் "தண்ணி வரல்ல" என்று யாரும் கோல் எடுக்கவும் மாட்டார்கள்.

பிறகு ஏன் விவரமானவர்கள் வீடு வாங்குகிறார்கள்? 2022 ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. வைப்பில் கிடந்த ரூபாய் எண்ணிக்கையில் அப்படியே இருந்தது, பெறுமதியில் கரைந்தது. காணி கரையவில்லை. ஆக, வீடு வாங்குவது பெறுமதியைக் காப்பாற்ற. வாடகை அதோடு வரும் சில்லறை. இந்த வரிசையை மாற்றி விளங்கிக்கொண்டவர்கள்தான் வங்கிக் கடனில் மாட்டுகிறார்கள்.

கடன் கணக்கையும் போட்டுவிடலாம். 50 இலட்சம் ரூபாயை 12 வீத வட்டிக்கு 15 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 60,000 ரூபாய் அளவில் வரும். வீட்டில் பாதி உங்கள் காசு. மற்றப் பாதியின் தவணையையே 35,000 ரூபாய் வாடகை தூக்காது. குறையும் 25,000 ஐ ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளம் கட்டும். வட்டியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை என்ன பாடு பட்டது என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அதனால் என் முதல் யோசனை உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: வீடு வாங்காதீர்கள், அனெக்ஸ் கட்டுங்கள். அப்பா அம்மா பேரில் மந்தண்டாவளையிலோ களுதாவளையிலோ உக்குவளையிலோ ஒழுங்கான உறுதியோடு வீடும் பக்கத்தில் கொஞ்சம் இடமும் இருந்தால், 30 இலட்சத்தில் இரண்டு அறை, குசினி, குளியலறை எடுத்து 20,000 ரூபாய்க்கு விடுங்கள். இதுவும் உதாரண எண்தான், ஆனால் வருடத்துக்கு 240,000 வந்தால் போட்ட காசுக்கு 8 வீதம். காணிக்குப் புதிதாகக் காசு போகவில்லை என்பதுதான் வித்தியாசம். வாடகைக்காரர் பக்கத்திலேயே இருப்பதால் பழுதும் தெரியும், ஆளும் தெரியும், தொழிலையும் படித்துக்கொள்வீர்கள். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வரைபடத்துக்கு அனுமதி எடுத்துக் கட்டுங்கள். பிற்காலத்தில் விற்கவோ ஈடு வைக்கவோ போகும்போது முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

மாத்தளை நகரில் வாடகைக்கு வருவது யார் என்று ஒரு நாள் ஆஸ்பத்திரிச் சந்தியிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று பார்த்தால் போதும். இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், மாவட்டப் பொது வைத்தியசாலைத் தாதிமார், வங்கி உத்தியோகத்தர்கள், கச்சேரியில் வேலை செய்பவர்கள், ரத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைக்க இறங்கி வரும் குடும்பங்கள். கண்டி வாடகை கட்டுப்படியாகாமல் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இங்கே குடியிருந்து தினமும் போய் வருபவர்களும் உண்டு. இவர்கள் யாரும் பளிங்குத் தரை கேட்பதில்லை. வீடு பார்க்க வரும் டீச்சர் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார், பிறகு துணி காயப்போட இடம் எங்கே என்பார், கடைசியாகக் கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்பார். மூன்றாவதுதான் சண்டை வரும் இடம். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் என்பதால், இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இருவர் பில்லும் மேல் படிக்குப் போய்விடும். அதைப் பங்கு போடுவதில் உறவே முறியும். தனி மீட்டர், தனித் தண்ணீர்த் தாங்கி, தனி வாசல் இந்த மூன்றுக்கும் செலவழித்தால் வாடகைக்காரர் இலகுவில் மாற மாட்டார்.

இனி, வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு. இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் மாத்தளைக் காணிகளின் சரித்திரம் கொழும்புக் காணிகளைப் போல அல்ல.

தம்புள்ளை, கலேவெல, நாவுல, வில்கமுவ பக்கம் "பெர்மிட் காணி, சீப்பா வருது" என்பார்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி அது. வைத்திருப்பவர் உழுது வாழலாம். தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக மாறியிருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. "எல்லாரும் இப்பிடித்தான் வாங்குறாங்க" என்று புரோக்கர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். எல்லோரும் வாங்குவதால் சட்டம் மாறிவிடாது. கடையில் நோட்டில் எழுதிக் கையெழுத்து வைத்து இலட்சக்கணக்கில் கொடுத்தால் அந்த நோட்டுத்தான் மிச்சம். 1840 இலிருந்து இந்த நாட்டில் காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். அட்வான்ஸ் கொடுப்பதற்கும் இது பொருந்தும்.

அடுத்தது பங்குக் காணி. கண்டிச் சீமையின் பழைய குடும்பச் சொத்துகள் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கப்படாமல் இறங்கி வந்தவை. பழைய உறுதி ஒன்றின் அட்டவணையை வாசித்துப் பாருங்கள். விஸ்தீரணம் ஏக்கர், பேர்ச் கணக்கில் இருக்காது. இத்தனை பேளை நெல் விதைக்கக்கூடிய நிலம், இத்தனை லாஸ் குரக்கன் விதைக்கக்கூடிய மேட்டுநிலம் என்று இருக்கும். எல்லை ஒரு பலாமரமாக இருக்கும், இன்னாருடைய வேலியாக இருக்கும். அதில் "பிரிபடாத பங்கு" என்று ஒரு சொற்றொடர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, முகம் தெரியாத பதினைந்து பேரோடு ஒரு கூட்டை. அதைப் பிரிக்க 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டும். பங்கீட்டு வழக்கை அப்பா தொடங்கினால் மகன் முடிப்பான் என்பது நீதிமன்ற வளாகத்தில் வழக்கமான பேச்சு.

இன்னொன்றைக் கொழும்புச் சட்டத்தரணியே சிலவேளை கவனிக்காமல் விடுவார். கண்டியச் சிங்களவர் ஒருவர் எழுதிய நன்கொடை உறுதியைக் கண்டியச் சட்டப்படி அவர் உயிரோடிருக்கும்வரை இரத்துச் செய்யலாம். இரத்துச் செய்யும் உரிமையைக் கைவிடுகிறேன் என்று அந்த உறுதியிலேயே எழுதியிருந்தால் கதை வேறு; இன்னும் சில விதிவிலக்குகளும் உண்டு. உங்களுக்கு விற்பவர் தன் தகப்பனிடமிருந்து நன்கொடையாகப் பெற்ற வீடு என்றால், அந்தத் தகப்பன் இருக்கிறாரா, உறுதியில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பார்க்காமல் கை நீட்டாதீர்கள்.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? மாத்தளைக் காணிப் பதிவகத்தில். ஒவ்வொரு காணிக்கும் ஏட்டில் ஒரு பக்கம் ஓடும். விற்பனை, ஈடு, குத்தகை, வழக்கு எல்லாம் வரிசையாக அதில் ஏறியிருக்கும். முப்பது வருடமாவது பின்னோக்கித் தேடச் சொல்லி உங்கள் நொத்தாரிசை நெருக்குங்கள். விற்பவரின் நொத்தாரிசு வேறு, உங்கள் நொத்தாரிசு வேறாக இருக்கட்டும். கூலியில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. "உறுதி தொலைஞ்சு போச்சு" என்றால் உடனே பயப்படவும் வேண்டாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போய்விடுகிறது. 1983 யூலையில் முத்துமாரியம்மன் கோயிலே தாக்கப்பட்ட இந்த ஊரில், வீட்டோடு உறுதியையும் எரியக் கொடுத்தவர்களுக்குச் சான்றுப்படுத்திய பிரதி எடுக்க அந்த வழிதான் இருந்தது.

மலைப்பக்கம் என்றால் மண்ணையும் பார்க்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் ரத்தோட்டை, அம்பன்கங்கைக் கோறளைச் சரிவுகளில் வீடு வாங்கவோ கட்டவோ வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கம்மடுவவில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பின்சுவரை அண்டி வெட்டிய மண்மேடு இருக்கும் வீட்டை எந்த விலைக்கும் நான் வாங்க மாட்டேன்.

சிகிரியாவைப் பற்றிக் கேட்காதவர்கள் உங்களில் குறைவு. அறை கட்டி ஒன்லைனில் போட்டால் ஓரிரவுக்கே இத்தனை டொலர் என்று ஒரு நண்பர் சொல்லியிருப்பார். அவர் சொன்னது நல்ல வருடத்துக் கணக்கு. நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 2018 இல் 23 இலட்சத்துக்கு மேல். குண்டு வெடித்த 2019 இல் 19 இலட்சம். கொவிட் வந்த 2020 இல் 5 இலட்சம், 2021 இல் 2 இலட்சம்கூட இல்லை. மறுபடி 20 இலட்சத்தைத் தாண்ட 2024 வரை போனது. இடைப்பட்ட ஐந்து வருடமும் வங்கி தவணையை நிறுத்தி வைக்காது. கொவிட் காலச் சலுகைக்கும் வட்டி ஏறியது. போதாததற்கு, உலக மரபுரிமைச் சின்னத்தைச் சுற்றி நினைத்தபடி கட்ட முடியாது. தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். வீட்டில் விருந்தினரை ஏற்றுவதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவும் வேண்டும். கையில் சும்மா கிடக்கும் காசு, ஊரில் நின்று பார்க்க ஆள், கொஞ்சம் ஆங்கிலம், இந்த மூன்றும் உள்ளவர் செய்யலாம். டோஹாவிலிருந்து ரிமோட்டில் நடத்தும் வேலையல்ல. அதைவிட, 1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அண்டி வியாபாரிகளுக்கும் லொறிக்காரர்களுக்கும் அறை விடுபவருக்கு மரக்கறி விளையும்வரை ஆள் வரும்.

வாடகைக்காரர் வீட்டைப் பிடித்துக்கொள்வார் என்ற பயம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1948 இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1972 இல் அதைவிட இறுக்கமான 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், 1973 இல் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது ஒரு குடும்பம் இத்தனை வீட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்சவரம்புச் சட்டம். மிஞ்சிய வீடுகள் அரசுக்குப் போயின, குடியிருந்தவர்கள் வீட்டுக்காரரானார்கள். தலைக்கு மேல் கூரையில்லாதவர் பக்கமிருந்து பார்த்தால் அதில் நியாயமும் இருந்தது. 1980 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புதிதாக வாடகைக்கு விடும் குடியிருப்புகளை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. சட்டம் மாறி ஒரு தலைமுறைக்கு மேலாகியும் பயம் மாறவில்லை.

அந்தப் பயத்தில் சிலர் செய்யும் காரியம் தலைகீழானது: பற்றுச்சீட்டுக் கொடுக்க மாட்டார்கள், ஒப்பந்தம் எழுத மாட்டார்கள். எழுதினால் அவருக்கு உரிமை வந்துவிடுமாம். உண்மையில், பத்து வருட ஆட்சியைக் காட்டிக் காணியை உரிமை கோருபவர் தான் யாருடைய அனுமதியிலும் இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். வாடகை வாங்கிய பற்றுச்சீட்டும் ஒப்பந்தமும்தான் அவர் உங்கள் அனுமதியில் இருந்தவர் என்பதற்குச் சாட்சி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள். வாடகையை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கரண்ட், தண்ணீர் பில் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள், எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தக் கடதாசியில் வந்துவிட வேண்டும். குத்தகைக்கு விட்ட இடத்தைச் சீக்கிரம் மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி கொடுத்தது. முறையான ஒப்பந்தம் இல்லாதவர் அந்த வழிக்குக் கிட்டவும் போக முடியாது.

வரி விஷயத்தில் சுருக்கமாக: வாடகை வருமானத்தைக் காட்ட வேண்டும், அதற்கு வரி அடையாள எண் எடுக்க வேண்டும். தனிநபர் விடுவிப்பு இப்போது வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய். வாடகையில் நாலிலொரு பங்கு திருத்தச் செலவுக்கென்று கழிக்கக் கிடைக்கும். அனெக்ஸோடு தொடங்குபவர், வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால், ஒரு சதமும் கட்ட வேண்டி வராது. அதனால் ஒளிக்கவும் தேவையில்லை.

வெளிநாட்டிலிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் காசில் வாங்கும் வீட்டை அண்ணன் பேரிலோ மச்சான் பேரிலோ எழுதாதீர்கள். "நீ வந்ததும் மாத்தித் தாறேன்" என்று அவர் சொல்லும்போது மனதாரத்தான் சொல்வார். ஆனால் உறுதியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். அவருக்கு ஏதாவது ஆனால் அவர் பெண்சாதி பிள்ளைகள் வாரிசு. மாற்றி எழுதினால் 4 வீத அளவில் மறுபடி முத்திரை வரி. நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் எழுதி அனுப்பினால் உங்கள் பேரிலேயே உறுதி முடிக்கலாம். அந்தத் தத்துவத்தையும் இந்த ஒரு சொத்தை வாங்க, வாடகைக்கு விட என்று வரையறுத்து எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுதவர்களை எங்கள் அலுவலகத்து வாங்கில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஆள் தெரிவு. "தோட்டத்து ஆக்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திய நகரத்து வீட்டுக்காரர்களிடம் உங்கள் அப்பா அம்மா எத்தனை முறை திரும்பி வந்திருப்பார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சாதி கேட்டும், முஸ்லிம் என்பதாலும், தனியாக வேலை பார்க்கும் பெண் என்பதாலும் இன்றும் வீடு மறுக்கப்படுகிறது. வேலை எங்கே, முந்திய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், வாடகை சம்பளத்துக்கு அடங்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். அதற்கு மேல் கேட்பவர் நல்ல வாடகைக்காரரைத்தான் இழக்கிறார். தாதி ஒருத்தி தனியாக இருந்த வீட்டைப் போலச் சுத்தமாகத் திரும்பி வந்த வீடு குறைவு.

அடுத்த லீவுக்கு வரும்போது வீடு பார்க்கப் போவதற்கு முன் உறுதியின் போட்டோப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வாரநாள் காலை உங்கள் நொத்தாரிசோடு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். பிரதி தர மாட்டேன் என்கிறவரின் வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மாத்தளை மாமா